மெக்கானிக் கிளம்பிட்டார்

உலகத்தில் பொய்யே சொல்லாதவை மூன்று: சூரியன், எடை மிஷின், சித்தி. இதில் சூரியன் மேகம் வந்தால் ஒளிந்துகொள்ளும். எடை மிஷினைச் சுவரில் கை ஊன்றி ஏமாற்றிவிடலாம். மிஞ்சியது சித்திதான்.

சித்திக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு போன், சத்தம் மட்டும் போடுகிற ஒரு ஃபேன். எங்கே லிஃப்ட் நின்றாலும் போன் அவளுக்குத்தான் வரும். மேனேஜர் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றே ஒன்று: மெக்கானிக் கிளம்பிட்டார், வழியில இருக்கார். இருப்பதே இரண்டு மெக்கானிக். ஆனால் எந்நேரமும் ஏழெட்டு இடத்துக்கு வழியில் இருப்பார்கள். ஒன்பது வருஷம் சித்தியும் கூசாமல் சொன்னாள். (ஆமாம், மேலே சொன்னது கொஞ்சம் ஓவர்தான்.)

ஒருநாள் காலை ஐந்தாவது மாடிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியைக் கூட்டி வந்திருக்கிறார், காலில் மாவுக்கட்டு, படி ஏற முடியாது. சித்தி வழக்கமான பதிலைச் சொன்னாள். இதோ வந்துவிடுவார் என்று நம்பி அந்த அம்மா கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மெக்கானிக் போனது சாயங்காலம் ஐந்து மணிக்கு.

மறுநாள் மறுபடி போன் செய்த அந்த மனுஷர் திட்டவில்லை. "இன்னிக்கு லேட்டாகும்னு சொல்லியிருந்தா, தங்கச்சி வீட்டுல படுக்க வச்சிருப்பேம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் சித்தி மறந்திருப்பாள்.

அதன்பிறகு அந்தப் பதில் அவள் வாயில் வரவில்லை. மெக்கானிக் டீ குடிக்கிறார், உங்களுக்கு முன்னாடி நாலு இடம் இருக்கு, சாயங்காலம் ஆகும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். பக்கத்தில் நின்ற மெக்கானிக்குக்குப் புரையேறியது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே கூப்பிட்டுப் பேசினார். ஊர் உலகத்தில் எல்லாரும் சொல்வதுதானே என்றார். வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன், இந்தப் பொய் மட்டும் வேண்டாம் என்றாள் சித்தி.

"அதுதாம்மா உன் வேலையே" என்றார் மேனேஜர்.

வெள்ளிக்கிழமைவரை யோசிக்கச் சொன்னார். வீட்டில் சம்பாதிப்பது சித்தி ஒருத்திதான். சித்தப்பா இரண்டு நாள் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சித்தி போய் நின்றாள். "யோசிச்சேன் சார். வாய் வரல."

மேனேஜர் எழுந்தார். கண் கலங்கியது. இனிமேல் இந்தக் கம்பெனியில் யாரும் பொய் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டார். அன்றைக்கே மூன்றாவதாக ஒரு மெக்கானிக்கைச் சேர்த்து, சித்திக்குப் புது ஃபேனும்...

இந்த இடத்தில், இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த சித்தியின் அக்கா மகளுக்கு, தன் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று படிப்பது தெரிந்தது. சித்திதான்.

"என்னைப் பின்னாடி ஸ்டோர் ரூம்ல ஸ்க்ரூ எண்ண விட்டுட்டாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி இப்படி எழுதியிருக்க?"

படிக்கிறவர்கள் வருத்தப்படுவார்களே என்று இழுத்தாள் அக்கா மகள்.

சித்தி அவள் முகத்தையே பார்த்தாள். "படிக்கிறவங்களா, நீயா?"