வெள்ளையன் கைக்கு வாய்த்த கோல்

வளப்பூர் நாட்டில் வெள்ளையனைத் தேடிப் போகிறவர்கள் நேராக மேட்டுக்குத்தான் போவார்கள். மிளகுக்கூடையை மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு, அங்கே அவன் மஞ்சு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மலைக்கு ரோடு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊரே ரோட்டுக் கூலியைப் பற்றிப் பேசும்போது, மஞ்சு இறங்கினால் எந்த மரம் முதலில் மறைகிறது என்று பேசுகிற ஆள் இவன். அதற்காகச் சோம்பேறி என்று சொல்லிவிடக் கூடாது. எடுத்த வேலையை முடித்துவிடுவான். மெதுவாக முடிப்பான், அவ்வளவுதான். முப்பதை எட்டிப் பிடிக்கப் போகிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குற்றம் அவன் வாயில் இருந்தது. மனசில் இருப்பது தொண்டை வரைக்கும் வரும். அங்கேயே உட்கார்ந்துவிடும்.

மனசில் இருந்தது கண்ணாயி. அது கண்ணாயிக்கும் தெரியும், அவளுக்கும் அவன்மேல் கொள்ளைப் பிரியம். தெரியாதவர் அவளுடைய அப்பன் சென்றாயன் ஒருத்தர்தான். அவர் அப்பாசாமிக்குப் பெண்ணைக் கொடுப்பதென்று பாதி முடிவாகவே இருந்தார். இப்போதே வாய் நிறைய 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். அப்பாசாமி சோளக்காட்டில் பலாப்பழம் வாங்கி விற்கிறவன். குட்டையான, இறுகிய உடம்பு. பேச்சும் படபட, கையும் படபட. போதாக்குறைக்கு, பொங்கல் கிட்டிப்புள்ளில் வருஷா வருஷம் ஜெயிக்கிறவனும் அவன்தான்.

பொங்கலுக்கு மறுநாள், சாமை அறுத்த காட்டில் வளர்ந்த ஆம்பளைகள் ஆடும் ஆட்டம் அது. குழிமேல் கிடக்கும் புள்ளின் நுனியில் கோலால் தட்டி எழுப்பி, அது அந்தரத்தில் இருக்கும்போதே ஓங்கி அடிக்க வேண்டும். தோற்றவன், ஜெயித்தவனுடைய புள் விழுந்த இடத்திலிருந்து குழிவரைக்கும் ஒரே மூச்சில் 'கூ' என்று கூவிக்கொண்டு அதைக் கொண்டுவந்து போட வேண்டும். எப்போதும் ஓடுகிறவன் வெள்ளையன். பாதியில் அவன் மூச்சு அறுந்துபோகும், வரப்பு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும். போன வருஷம் சிரித்தவர்களில் சென்றாயனும் ஒருத்தர். அந்தச் சிரிப்பு அவன் வாயை மொத்தமாகக் கட்டிப்போட்டுவிட்டது.

இந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் கண்ணாயி அவன் சாமை அடிக்கும் களத்துக்கே வந்துவிட்டாள்.

"பொங்கல் கழிஞ்சா எங்கப்பன் வாக்குக் குடுத்துருவாருங்க. அதுக்குள்ள நீங்க வாயத் தொறக்கோணும்."

"இந்த வருசம் நான் ஓடாம நின்னுட்டன்னா, அங்கயே கேட்டுப்போடறேன் கண்ணாயி. ஓடி நொண்டியடிச்சுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

சொல்லிவிட்டு, புதிதாகச் செதுக்கிய கோலைக் காட்டினான். கருங்காலி. அப்பாசாமியின் கோலைப் பார்த்துப் பார்த்து, அதே கட்டை நீளம், அதே கனம். தட்டினான், ஓங்கினான். கோல் சுற்றி வருவதற்குள் புள் தரையில் படுத்துவிட்டது. இன்னொரு தரமும் அதே கதைதான்.

கண்ணாயிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அந்தாளு கோல அச்செடுத்தாப்பல செஞ்சு வச்சிருக்கறீங்க. அந்தாளு கைய எங்கீங்க செய்வீங்க? சாமை அடிக்கறப்ப அந்த நீளக்கோல்ல உங்க கை எத்தன அழகா வருது! நின்னு பாத்துட்டே இருக்கலாம்." சொன்ன பிறகுதான் அவளுக்கு வெட்கம் வந்தது. விருட்டென்று போய்விட்டாள்.

அவள் நின்று பார்த்திருக்கிறாள் என்பதே அவனை வெகுநேரம் மயக்கத்தில் வைத்திருந்தது. மயக்கம் தெளியாமலே களத்து மூலையில் சாத்தியிருந்த சாமைக்கோலை எடுத்தான். கல்மூங்கில். நீளமானது, ஆனால் கனமில்லாதது. கண்ணை மூடிக்கொண்டு வீசினான். கருங்காலியை வீசும்போது கை கோலை இழுத்துக்கொண்டு போனது. இதுவோ தானாகப் போய், போகிற வழியில் 'விர்'ரென்று மெல்லப் பாடியது. இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியில்தான் மணிக்கட்டு வந்தது. அவன் கை எப்போதும் அப்படித்தான் வரும், அதற்கு அவசரமே தெரியாது. கொய்யாக் கொம்பு ஒன்றையும் காப்பிக் கொம்பு ஒன்றையும் வீசிப் பார்த்தான். இரண்டும் பாடவில்லை. மூங்கிலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி நறுக்கி வீசி, பாட்டு கெடுவதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டான்.

ஆட்டத்தன்று மஞ்சு பலா மரம் வரைக்கும் இறங்கியிருந்தது. காட்டின் கடைசியில் நிற்கும் அந்தப் பலாவை யாருடைய புள்ளும் தாண்டியதில்லை. அப்பாசாமி 'சடக்'கென்று அடித்தான். புள் பலாவுக்குக் கொஞ்சம் இப்பால் விழுந்தது. "அடிச்சாரு பாரு எங்க மாப்ள!" என்றார் சென்றாயன். அவர்தான் நடுவர். பலாவுக்கு அப்பால் ஆடு ஓட்டிவரப் போன கண்ணாயியை மட்டும் வரப்பில் காணோம்.

வெள்ளையன் கோலோடு வந்ததும் அப்பாசாமி கேட்டான், "ஏனுங்க, புள்ளு அடிக்க வந்தீங்களா, சாமை அடிக்க வந்தீங்களா?"

வரப்பு சிரித்தது. வெள்ளையன் பலாவைப் பார்த்தான். மஞ்சில் அது கரைந்துகொண்டிருந்தது. தட்டினான். புள் எழுந்தது, எழுந்து அவனுக்காகவே அந்தரத்தில் காத்திருந்த மாதிரி இருந்தது. கோல் பாடிக்கொண்டே போய் அதைத் தொட்டது. கையில் எதுவும் உறைக்கவே இல்லை. புள் மஞ்சுக்குள் போய்விட்டது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஆளாளுக்குத் தேடினார்கள். "இங்கதான் எங்கியாவது பொதருல கெடக்கும்," என்றான் அப்பாசாமி. சென்றாயன் தாடையைச் சொறிந்தார். "புள்ளு கெடைக்காம நான் எப்படிச் சொல்றது? இல்லாட்டி மாப்ளதான் செயிச்சாரு." போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் வெள்ளையன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். "கூ..."

பலாவுக்கு அப்பால், எங்கேயோ பள்ளத்திலிருந்து வந்தது. அறுபடாமல் வந்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். மஞ்சு கிழிந்தது. பலாவைத் தாண்டி, அப்பாசாமி புள் விழுந்த இடத்தையும் தாண்டி, ஒரே மூச்சில் கூவிக்கொண்டு கண்ணாயி ஓடிவந்தாள். குழியில் புள்ளைப் போட்டாள். போட்ட பிறகுதான் மூச்சுவிட்டாள்.

"தோத்தவன் ஓடற ஓட்டத்த நீ எதுக்குடி ஓடியாந்தே?" என்றார் சென்றாயன்.

அவளால் பேச முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளையனையே பார்த்தாள். அவளிடம் இருந்த மூச்சு அத்தனையும் தீர்ந்துவிட்டது. இனிப் பேச வேண்டியது அவன்தான்.

"எனக்காகத்தானுங்க ஓடியாந்தா, மாமா," என்றான் வெள்ளையன். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "கண்ணாயிய எனக்குக் குடுத்துருங்க. வச்சுக் காப்பாத்துவனுங்க."

சென்றாயன் இந்த வருஷம் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார், பலாவைப் பார்த்தார். பிறகு குனிந்து புள்ளை எடுத்து நீட்டினார்.

"ஓடுப்பா அப்பாசாமி. மாப்ள அடிச்ச புள்ளு பலாவுக்கு அந்தப் பக்கம் உழுந்திருக்குது."