செத்தவர் போட வந்த வழக்கு

1. முதல் பைல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேடம் என் மேசையில் வைத்த பைல் ஒரு பலாக்கிளையைப் பற்றியது. ஒரு வீட்டுப் பலாமரத்தின் கிளை வேலி தாண்டிப் பக்கத்து வளவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் காய்ப்பது யாருக்கு என்பதுதான் வழக்கு. இரண்டு வீட்டாரும் நெருங்கிய சொந்தம். கிளை இரண்டாம் வருஷமே மழைக்காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. வழக்கு ஒன்பது வருஷம் நடந்தது.

கேகாலை நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில் இருந்தது எங்கள் அலுவலகம். மேடம் சிங்களவர், சட்டத்தரணி. தோட்டப் பக்கத்திலிருந்து வரும் தமிழ்க் கட்சிக்காரர்கள் சொல்வதைக் கேட்டு, சிங்களத்தில் குறிப்பெடுத்து, பைல் திறந்து, தவணைத் திகதிகளை டயரியில் பதிவது என் வேலை. இருபத்தெட்டு வருஷம் அதைச் செய்துவிட்டு அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

சேவல் விடியுமுன் கூவுகிறது என்று வழக்குப் போட வந்தவர்கள் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபின் எழுப்பிவிட்டார்கள் என்று வந்தவர்கள் உண்டு. "அவன் துப்புனது என் மேல படல மிஸ். ஆனா என்னையப் பாத்துத்தான் துப்புனான்" என்று ஒருவர் இரண்டு சாட்சிகளோடு வந்தார். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நாலைந்து வருஷத்தில் சிரிப்புப் போய் எரிச்சல் வந்தது. இந்தச் சனங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைப்பேன். அந்த நினைப்போடு ரொம்ப காலம் இருந்தேன். அதை மாற்றியவர் ராமையா.

2. கண்ணீர் அஞ்சலி

ராமையாவுக்கு அறுபத்தேழு வயது இருக்கும். யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்திலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகளைக் கலவானையில் கட்டிக்கொடுத்திருந்தார்; அவள் அங்கேயே இருக்கிறாள். அவர் கதிரையில் உட்காருவதற்கு முன்பே தன் போனை என் முன்னால் வைத்தார்.

"மிஸ், இது யாருன்னு பாருங்க."

பார்த்தேன். கறுப்புக் கரை போட்ட ஒரு கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவருடைய படம், மாலையோடு.

"நீங்கதான்."

"நான் செத்துப்போயிட்டேனாம். நடுவ போட்ருங்க."

நடுவ என்றால் சிங்களத்தில் வழக்கு. எங்கள் பக்கத்தில் தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

நடந்தது இதுதான். அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ராமையா என்ற பெயரில் இன்னொருவர் இருந்தார். அவர்தான் இறந்தவர். யட்டியாந்தோட்டை பசாரில் நிஸாம் என்பவர் ஒரு கடை வைத்திருக்கிறார்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் எல்லோருக்கும் அவர் நிஸாம் நானா. ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவார், நோட்டீஸ் அடித்துக்கொடுப்பார், மரண அறிவித்தலை வட்ஸ்அப்பில் போடுவார், ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போய்ச் சொல்வார். அவர் மேல்பிரிவில் இருக்கும் இந்த ராமையாவின் படத்தைப் போட்டு, மேல்பிரிவு என்றே எழுதி, காலையில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

"மக கலவானையில மயங்கி விழுந்துட்டா மிஸ். சின்ன புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு மூணு பஸ் மாறி அழுதுகிட்டு வந்தா. நான் வாசல்ல நிக்கிறதப் பாத்து, தொட்டுத் தொட்டுப் பாக்குறா. அந்த நானாகிட்ட அம்பது லட்சம் கேளுங்க."

மானநஷ்ட வழக்கு என்றால் நோட்டீசை யார் யார் பார்த்தார்கள், யார் யார் நம்பினார்கள் என்று காட்ட வேண்டும். எனவே அன்றைக்கு அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் பெயரைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. தோட்டத்து வீட்டு வரிசைகளை லயம் லயமாகவும், வெளியாட்களை ஊர் ஊராகவும் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு நிறுத்தினார்.

"வராதவங்க பேரும் எழுதுவீங்களா?"

"அது வழக்குக்குத் தேவையில்லண்ணே."

"எழுதிக்கங்க."

நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"சிவலிங்கம். வரக்காப்பொலையில தையல் கடை. என் கூடப்பொறந்த தம்பி."

வேறு பெயர் எதுவும் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவரே மெதுவாகச் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகளின் கல்யாணப் பத்திரிகையில் தம்பியின் பெயர் விடுபட்டுப் போனது. அச்சுக்காரர் விட்ட பிழை என்று ராமையா சொன்னார். தம்பி நம்பவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை.

"நான் செத்துட்டேன்னு ஊரே ஓடி வருது. அவன் வரல பாத்தீங்களா" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் இறங்கியது.

3. லாச்சியில் கிடந்த கடிதம்

மேடம் குறிப்பைப் படித்துவிட்டு, வழக்கில் விஷயம் இருக்கிறது என்றார். நஷ்டஈடு கேட்டு நிஸாமுக்கு அனுப்ப டிமாண்ட் லெட்டர் தயாரானது. மேடம் கையெழுத்துப் போட்டார். நான் அதைப் பதிவுத் தபாலில் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. என் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகள் அப்படிச் செய்யக்கூடாது. நான் செய்தது பெரிய பிழை. ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், ராமையா வழக்குப் போட நினைக்கும் ஆளின் விலாசம் இது இல்லையே என்று தோன்றியது. கடிதம் போனால் நிஸாமும் ஒரு லோயரைப் பிடிப்பார். பிறகு தவணைக்கு மேல் தவணை. இந்த வயதில் ராமையா மலை இறங்கி, பஸ் ஏறி, வருஷக்கணக்காக வந்துகொண்டிருப்பார். அது முடியும்போது தம்பி இருப்பாரோ, இவர்தான் இருப்பாரோ. வரக்காப்பொலைக்கு நானே போய்ப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு கிளாக்கருக்கு அந்த உரிமை கிடையாது.

மூன்று கிழமை கழித்து ராமையா வந்தார். பதில் வந்துவிட்டதா என்று கேட்டார். நான் மழுப்பினேன். அவர் சளைத்தவர் இல்லை. நேரே உள்ளே போய் மேடத்திடம் சிங்களத்தில் கேட்டுவிட்டார். மேடம் என்னைக் கூப்பிட்டார். லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து வைத்தேன்.

ராமையாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மேடம் கதவைச் சாத்தினார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. கட்சிக்காரர் கேட்பதைச் செய்வதுதான் நம் தொழில், அவருக்கு எது நல்லது என்று தீர்மானிக்க உனக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்டார். வராத தம்பியின் பெயரை எழுதச் சொன்னதை மட்டும் சொன்னேன். கடிதம் போகுமுன் ஒரு தடவை சமத மண்டலத்துக்குப் போகட்டும் என்று கெஞ்சினேன். சமத மண்டலம் என்பது கோர்ட்டுக்குப் போகாமல் இரு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை. அங்கே லோயர்மாருக்கு இடமில்லை.

மேடம் கடிதத்தை மறுபடி லாச்சியிலேயே வைக்கும்படி என் பக்கம் தள்ளினார். "அவர் மனதார ஒத்துக்கொண்டால் போகட்டும். சனிக்கிழமைச் சபையில் காரியம் கெட்டு அவர் நம் மேல் முறைப்பாடு செய்தால், திங்கட்கிழமை நீ வர வேண்டாம்" என்றார்.

வெளியே வந்தேன். ராமையா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

"அண்ணே, நான் செஞ்சது பிழை. மன்னிச்சுக்கங்க. ஆனா ஒன்னு சொல்றேன். கோர்ட்ல நீங்க வாய் தொறக்க மூணு வருஷம் ஆகும். சமத மண்டலத்துல அடுத்த மாசமே நிஸாம் நானா உங்க முன்னாடி உக்காந்து பதில் சொல்லணும்."

"மொகத்துக்கு நேரா சொல்லணுமா?"

"ஆமா."

"அப்பச் சரி. நீங்களும் வாங்க. அவன் ஏதாச்சும் மாத்திப் பேசுனா நீங்க கேட்டுக்கங்க."

4. குறுக்கே பேசக்கூடாது

சபை ஒரு சனிக்கிழமை, யட்டியாந்தோட்டையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடியது. மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் ராமையாவுக்குப் பின்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். அந்த மேசைக்குத் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு சிங்கள அதிபர். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது என்று முதலிலேயே சொன்னார். ராமையா தன் பக்கத்தைச் சொன்னார். பிறகு நிஸாமின் முறை வந்தது.

நிஸாமுக்கு நாற்பது வயது இருக்கும். இந்தப் பேச்சுக்காகச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

"நான் செஞ்சது பிழைதான். செத்தவரு வீட்டாக்கள் போன்ல பேரு சொன்னாங்க. படம் அனுப்ப சிக்னல் இல்லைன்னாங்க. என்கிட்ட ஒரு கல்யாண வீட்டுப் படத்துல ராமையா அண்ணே இருந்தாரு. இவருதான்னு நெனச்சு, திருப்பிக் கேக்காம போட்டுட்டேன். எட்டு மணிக்கு ஒரு ஆள் போன்ல கோல் எடுத்து, 'நீ செத்துட்டதாப் போட்ட மையத்து, வாசல்ல நின்டு பல்லு வெளக்குது'ன்னு சொன்ன பொறகுதான் எனக்குத் தெரியும்."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். ராமையா சிரிக்கவில்லை.

"உடனே ஓட்டோவுல ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு லயத்துக்கு லயம் போய், பிழைன்னு சொன்னேன். அண்ணே வீட்டு வாசலுக்கும் வந்தேன். வெறகுக் கட்டையத் தூக்கிக்கிட்டு வந்தாரு. பொறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்டேன். வெளியூர்ல இருந்து வாரவங்கள அங்கேயே சொல்லித் திருப்பணுமே. மத்தியானம் வரைக்கும் நின்டேன். பன்னெண்டு பேரு."

"பன்னெண்டு பேரு என்ன..." என்று ராமையா ஆரம்பித்தார். அதிபர் கையை உயர்த்தினார்.

"அவர்கள் யார் என்று தெரியுமா?" என்று நிஸாமிடம் கேட்டார்.

"எல்லாரையும் தெரியாது சேர். ஒருத்தரை மறக்கமாட்டேன். ஆனா அவரு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாரு."

"இங்கே சொன்னால் யாருக்காவது கெடுதி உண்டா?"

நிஸாம் ராமையாவைப் பார்த்தார்.

"இல்லைன்னுதான் நெனைக்கிறேன். ருவன்வெல்லையில பஸ் மாறி வந்ததாச் சொன்னாரு. கையில ஒரு மாலை, ஒரு புது வேட்டி. கழுத்துல தையல்காரங்க அளவு நாடா. கழட்ட மறந்து அப்படியே வந்திருக்காரு. நான் விஷயத்தைச் சொன்னதும் பக்கத்துல இருந்த என் கடைப் படியில உக்காந்துட்டாரு. பிளேன்டி ஊத்திக் குடுத்தேன். 'நெசமாவே இருக்காரா, நெசமாவே இருக்காரா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நம்பல. அதுக்குத்தான் ராமையா அண்ணே, அன்னைக்கு உங்களுக்குக் கோல் எடுத்தேன். போன் ஸ்பீக்கர்ல போட்டேன். நீங்க என்னைய ஏசுனீங்க."

ராமையா மெதுவாகத் தலையாட்டினார். அந்த அழைப்பு அவருக்கு நினைவிருந்தது.

"நீங்க அஞ்சு நிமிஷம் மூச்சுவிடாம ஏசுனீங்க. அவரு கேட்டுக்கிட்டு இருந்தாரு. அழுகையும் சிரிப்புமா, 'இந்த ஏச்சு எங்கண்ணனோடதுதான்'னு சொன்னாரு. லயத்துக்குப் போங்க, நான் ஓட்டோவுல விடுறேன்னேன். 'உசுரோட இருக்கவர்கிட்ட பதினோரு வருஷமாப் பேசல. மாலையக் கையில வச்சுக்கிட்டு எப்படிப் போய் நிக்கிறது'ன்னாரு. அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டாரு."

ராமையா இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"கண்ணாடி போட்டிருந்தானா?" என்று கேட்டார்.

"போட்டிருந்தாரு. ஒரு பக்கம் நூல் கட்டியிருந்திச்சு."

"ஒழுங்கா ஒரு கண்ணாடி வாங்கிப் போடமாட்டான்" என்றார் ராமையா. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதிபர் அவசரப்படுத்தவில்லை. துண்டு இறங்கிய பிறகுதான், என்ன செய்தால் இந்த முறைப்பாடு தீரும் என்று கேட்டார்.

"நடுவ வேணாங்க. அந்தப் படத்தை எல்லா எடத்துலயும் அழிக்கணும். அப்பறம் இந்த நானா என்னையத் தன் ஓட்டோவுல வரக்காப்பொலைக்குக் கொண்டுபோய் விடணும். இன்னைக்கே."

"இரண்டாவதையும் ஒப்பந்தத்தில் எழுதவா?"

"எழுதுங்க சேர். எழுதிக் கையெழுத்து வச்சாத்தான் எனக்கு நம்பிக்கை."

எழுதினார்கள். இருவரும் கையெழுத்து வைத்தார்கள். நிஸாம் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தார். ராமையா ஏறி உட்கார்ந்து, ஸ்பீக்கர் பெட்டியை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார். அவர் நினைப்பு முழுவதும் ரோட்டில் இருந்தது.

காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது ஓட்டோ வளைவில் மறைந்த பிறகுதான் தெரிந்தது. பசாரில் ஒரு கடையில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக ஒரு ரொட்டியை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

5. திங்கட்கிழமை

வேலைக்குப் போனேன். மேடம் ஒப்பந்தத்தின் பிரதியைப் படித்தார். இரண்டாவது நிபந்தனைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். லாச்சியில் இருந்த கடிதத்தை என்னையே கிழிக்கச் சொன்னார். "இன்னொரு தடவை செய்தால் உன்னையும் கிழிப்பேன்" என்றார்.

பத்து மணிக்குப் போன் வந்தது. ராமையா இன்னும் வரக்காப்பொலையில்தான் இருந்தார். பின்னால் தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது.

"மிஸ், தம்பி கேட்டான், எதுக்கு வந்தீங்கன்னு. ஒரு உண்மையச் சொன்னேன். பத்திரிகையில பேரு விட்டது அச்சுக்காரன் இல்ல. சம்பந்தி வீட்டுல தையல்காரன்னு எளக்காரமா நெனப்பாங்களோன்னு நான்தான் எழுதிக் குடுக்கல. பதினோரு வருஷமா அந்த அச்சுக்காரன் மேல பழியப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"தம்பி என்ன சொன்னாரு?"

"அது அன்னைக்கே எனக்குத் தெரியும்னான். சாப்பிட வாங்கன்னான்."

பிள்ளைகளே, எல்லா வழக்கும் இப்படி இல்லை. பிடித்த காணியை விடாதவர்கள், வேலை விட்டபின் கொடுக்கவேண்டிய சேவைக்காலப் பணத்தைத் தராதவர்கள், அடித்துக் கையை முறித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதிரி ஆட்கள் வந்தால் சமாதானம் பேசி அனுப்பிவிடாதீர்கள். அவர்களுக்குக் கோர்ட் வேண்டும், அதைச் சரியாக எடுத்துக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. கடிதத்தை லாச்சியில் பூட்டாதீர்கள்.

ஆனால் சேவலுக்கும் எச்சிலுக்கும் வழக்குப் போட வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்கள் சொல்வதை வேறு யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். கோர்ட்டில்தான் ஒரு மனுஷன் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு அவசரமாக வருகிறார்கள். நான் அதற்குப் பிறகு, எதிராளியின் பெயரை எழுதிய கையோடு இன்னொன்றும் கேட்கப் பழகினேன். இந்த விஷயத்தில் யார் வந்து பேசியிருந்தால் உங்களுக்குப் போதும் என்று கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு லோயரிடம் போனார்கள். சிலர் பதில் சொன்னார்கள். சிலர் பதில் சொல்லாமல், ஒரு போன் எடுக்க வேண்டும் என்று வெளியே போனார்கள். அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் வழக்குப் போடத் திரும்பி வரவில்லை.