வீரம்மாள் பெயரில் ஒரு வாழைத்தார்

ஓமான் நாட்டுச் சலாலாவில் மாயாண்டியின் தொண்டையைத் தெரியாத தமிழன் கிடையாது. மீன் மார்க்கெட்டுக்குள் நின்று அவன் ஒரு குரல் விட்டால், வெளியே நிற்கும் டாக்ஸிக்காரன் தன்னைத்தான் சொல்கிறானோ என்று வண்டியைப் பின்னுக்கு எடுப்பான். ஊரில் மீன் ஏலம் கூறிய தொண்டை அது. தொண்டிக்குத் தெற்கே அவன் ஊர்க் கரையில் விடிகாலையில் வள்ளம் ஒதுங்கியதும் மாயாண்டியைத்தான் தேடுவார்கள். ஏலம் கேட்க வரும் வியாபாரி எவனும் அங்கே வாயைத் திறந்து விலை சொல்ல மாட்டான். ஒருத்தன் மீசையைத் தடவுவான். ஒருத்தன் தோள் துண்டை இழுத்துவிடுவான். இன்னொருத்தன் புருவத்தை மட்டும் தூக்குவான், அதற்குமேல் அலட்டிக்கொள்ள மாட்டான். எவன் இன்னும் ஏறுவான், எவன் கழன்றுகொள்ளப் போகிறான் என்று ஆளைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். மாயாண்டிக்கு அது கைவந்த வேலை.

அப்பேர்ப்பட்டவன் ஓமானுக்கு வந்து சேதுபதியிடம் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டும் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம் ஆகியிருந்தது, கரையில் வருமானம் காணவில்லை, அம்புட்டுத்தான் காரணம். சேதுபதியும் அதே ஜில்லாக்காரன்தான். துறைமுக வேலைக்கு ஆள் விடும் காண்டிராக்டர். வெள்ளைச் சட்டை, பத்தடிக்கு முன்னாலேயே வந்துவிடும் அத்தர் வாசனை, வார்த்தைக்கு வார்த்தை ‘நம்ம பசங்க, நம்ம பசங்க’. அந்த நம்ம பசங்களின் பாஸ்போர்ட் முழுக்க அவன் ஆபீஸ் டிராயரில் பூட்டிக் கிடந்தது.

மாயாண்டியின் பெண்டாட்டி வீரம்மாளுக்கு அது தலைப்பிரசவம். ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. வலி கண்டதும் ஒரு வேனைப் பிடித்து ராமநாதபுரத்துக்குக் கிளப்பியிருக்கிறார்கள். வழியிலேயே அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. ஆட்கள் தங்கியிருந்த கேம்ப் போனுக்குச் சேதி வந்ததும் மாயாண்டி கட்டிய கைலியோடு ஆபீசுக்கு ஓடினான். சேதுபதி சாயா குடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னான்:

“செத்தவளை நீ போயி எழுப்பவாடா போறே? துறைமுகத்துக் கான்கிரீட் முடியட்டும். லீவைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

கான்கிரீட் முடிந்தபோது ஊரில் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. மைத்துனன்தான் கொள்ளி வைத்தான். அதை வீடியோ எடுத்து சிடி போட்டு அனுப்பினார்கள். கேம்ப் ஹாலில் டிவி முன்னால் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மாயாண்டி தன் பெண்டாட்டியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அந்த டிவியில்தான். பாடையைத் தூக்கும் இடம் வந்ததும் ரூம்மேட் மணிகண்டன் எழுந்து போய் டிவியை அணைத்தான். ஒருத்தரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

காண்டிராக்ட் முடிந்ததும், துணிக்கடை வைத்திருந்த கீழக்கரை செய்கு முகம்மது பாய் அவனுக்கு மீன் கம்பெனி ஒன்றில் வேறு விசா ஏற்பாடு செய்து கொடுத்தார். “ஊருக்குப் போயிடலாமே தம்பி?” என்றும் பாய் கேட்டுப் பார்த்தார். ஊரில் போய் யாரைப் பார்ப்பது? இங்கே சேதுபதியாவது இருந்தான். அவன் கார் மார்க்கெட் பக்கம் போகும்போதெல்லாம் மாயாண்டி மீன் வெட்டும் கையை நிறுத்திப் பார்ப்பான். பாவி நன்றாகத்தான் இருந்தான். வருஷத்துக்கு வருஷம் காரும் பெரிதாகிக்கொண்டே போனது.

ஐந்து வருஷம் இப்படியே போனது. 2007 பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கம் ஒரு காரியம் செய்தது. சேதுபதியின் கஃபீல், அதாவது அவனுக்கு விசாவும் லைசன்ஸும் தந்த ஓமானி, ஸான்ஸிபாரில் பிறந்தவர். அவருடைய தாயார் வழிக் கிராமம் தான்சானியாவின் உள்பக்கம் எங்கேயோ இருந்தது. அங்கே பள்ளிக்கூடமும் இல்லை, பிரசவம் பார்க்க இடமும் இல்லை. பிள்ளைகள் படிக்க ஓர் அறை, பிரசவத்துக்கு ஓர் அறை கட்டிக்கொடுக்கலாம் என்று சங்கத்துச் செயலாளரான பாய் பேச்சை எடுத்தார். உடனே சேதுபதி விழாக் கமிட்டித் தலைவராகிவிட்டான். கஃபீலைக் குளிர வைத்தால் அடுத்த காண்டிராக்ட் கையில், அதற்குத்தான்.

பணம் திரட்ட ஏலம். ஏலம் கூற மாயாண்டி. கடைசிப் பொருள், சலாலாத் தோட்டத்தில் விளைந்த ஒரு வாழைத்தார். அதை எடுப்பவர் சொல்லும் பெயரைப் பிரசவ அறைச் சுவரில் எழுதுவார்கள் என்று பாய் அறிவித்தார்.

விழாவன்று மேடைக்குப் பின்னால் சேதுபதி மாயாண்டியின் தோளில் கை போட்டான்.

“நீ நம்ம கேம்ப்புல இருந்தவன்தானே? சௌக்கியமா? இந்தா பாரு, வாழைத்தாரை இருநூறு ரியாலுக்கு என் பேர்ல முடிச்சிரு. மேல ஏத்தி வம்பு பண்ணாதே.”

“சரிங்க மொதலாளி,” என்றான் மாயாண்டி. தோளில் கிடந்த கை அவனுக்கு எரிந்தது. பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று முகத்தையே பார்த்தான். ஒன்றும் இல்லை. சேதுபதிக்கு அப்படி ஒரு விஷயம் நடந்ததே நினைவில் இல்லை.

மாயாண்டியும் சும்மா வரவில்லை. இன்னும் சேதுபதி கேம்ப்பிலேயே இருந்த மணிகண்டனிடம் முந்தின நாளே பேசி வைத்திருந்தான். நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்று கேம்ப் ஆட்களைக் கம்பெனி பஸ்ஸில் அள்ளி வந்து பின்வரிசையில் போடுவது சேதுபதியின் வழக்கம். அங்கே உட்கார்ந்து, வாழைத்தாருக்குச் சேதுபதி விலை சொல்லச் சொல்ல, மணிகண்டன் மேலே மேலே கேட்க வேண்டும். மாயாண்டி மைக்கை இடது கைக்கு மாற்றினால் நிறுத்திவிட வேண்டும். மாதம் அறுபது ரியால் சம்பளக்காரன் அதற்குச் சம்மதித்தான் என்றால், அவன் வயிறும் எவ்வளவு எரிந்திருக்க வேண்டும்!

ஏலத்துக்கு முன்னால் சேதுபதி பேசினான். திரையில் அந்தக் கிராமத்துப் படங்கள் ஓடின. ஒரு கர்ப்பிணியைக் கட்டிலோடு தூக்கிப் போகும் படம் வந்ததும் சேதுபதி கர்ச்சீப்பை எடுத்தான்.

“ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே உயிரை விடுறதை விடக் கொடுமை இந்த உலகத்துல உண்டா? எனக்குத் தொண்டை அடைக்குதுங்க...”

அழுதான். அயோக்கியப் பயல், நிஜமாகவே அழுதான். முன்வரிசைப் பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். மாயாண்டி மேடை ஓரத்தில் மைக்கோடு நின்றான். அந்த இடத்திலேயே அவனை இழுத்துப் போட்டு மிதித்திருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு ஏலத்தை ஆரம்பித்தான்.

பட்டுச் சேலை போனது, குத்துவிளக்கு போனது. வாழைத்தார் வந்தது. சேதுபதி சிரித்துக்கொண்டே இருநூறு என்றான்.

“இருநூத்தம்பது!” என்றது பின்வரிசை.

சபை திரும்பிப் பார்த்தது. சேதுபதியும் திரும்பினான். தன் கம்பெனி நீலச் சட்டை போட்ட ஒருத்தன் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான். விருந்தினராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கஃபீல் அதைப் பார்த்துக் கைதட்டினார். இனிச் சேதுபதி எங்கே விடுவது? முந்நூறு என்றான். பின்வரிசை நானூறு என்றது. மாயாண்டியின் தொண்டை கரையிலே கூவிய அந்தப் பழைய தொண்டையாகிவிட்டது. இந்தப் பக்கம் உசுப்பினான், அந்தப் பக்கம் உசுப்பினான். தொள்ளாயிரம் என்று சேதுபதி சொன்னபோது மேல்சட்டைப் பொத்தானை அவிழ்த்தான். மாயாண்டிக்குத் தெரிந்துவிட்டது. அம்புட்டுத்தான், இதற்குமேல் ஏற மாட்டான். மைக்கைக் கை மாற்ற வேண்டிய நேரம் இதுதான்.

ஆனால் சேதுபதியின் பையில் அந்தக் கர்ச்சீப்பின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. மாயாண்டி கையை மாற்றவில்லை.

மணிகண்டன் அந்தக் கையையே பார்த்தான். அண்ணன் சொல்லவில்லையே என்று எழுந்து, “ஆயிரம்!” என்றான்.

சேதுபதி நாற்காலியில் சாய்ந்தான். கையைக் கட்டிக்கொண்டான். ‘கட்டுடா பார்ப்போம்’ என்று ஒரு சிரிப்பு. பின்வரிசையில் மணிகண்டன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வருஷம் முழுக்க உழைத்தாலும் அடைக்க முடியாத தொகை. மாயாண்டி தன்னைத்தானே திட்டிக்கொண்டான். அட முட்டாளே, உன் ஆத்திரத்துக்கு அந்தப் பயலைக் கொண்டுபோய் மாட்டிவிட்டாயே!

“ஆயிரம், ஒரு தரம்...” என்று இழுத்துக்கொண்டே கஃபீலின் பக்கம் திரும்பினான். கேம்ப் இந்தியில் எடுத்துவிட்டான். அங்கே முதலாளியை அர்பாப் என்பார்கள்:

“அர்பாப், சுவத்துல மணிகண்டன்னு எழுதணும். சேதுபதி சாப்போட லேபர் அவன். சாப்பால முடியல, அவர் லேபரால முடிஞ்சிருக்கு. ஆயிரம், ரெண்டு தரம்...”

கஃபீல் மெதுவாகத் திரும்பிச் சேதுபதியைப் பார்த்தார்.  சேதுபதி நாற்காலி சாய எழுந்தான்.

“ஆயிரத்தைந்நூறு!”

“ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம், கலாஸ்!” மாயாண்டி மூச்சு விடாமல் முடித்தான். மணிகண்டன் தொப்பென்று உட்கார்ந்தான். மாயாண்டியும் விடவில்லை, சூட்டோடு சூடாகத் தமிழிலும் இந்தியிலும் அறிவித்தான். “மொதலாளி தன் பேரு வேண்டாங்கிறாரு. பிரசவத்துக்குப் போற வழியில செத்துப்போன நம்ம ஊருப் பொம்பளை பேரை எழுதச் சொல்றாரு. வீரம்மாள்!”

சபை எழுந்து கைதட்டியது. கஃபீல் மேடையேறி வந்து சேதுபதியைக் கட்டிக்கொண்டார். மைக்கை வாங்கி அவன் கையில் கொடுத்து, யார் அந்தப் பெண், சொல்லுங்கள் என்றார்.

சேதுபதி போட்டோவுக்குச் சிரித்தபடியே, மைக்கைப் பொத்திக்கொண்டு மாயாண்டியிடம் முனகினான்: “யார்றா அது வீரம்மாள்?”

மாயாண்டி ஓரடி பின்னுக்குப் போனான். நீயே சொல்லு ராசா என்று நின்றான். கைதட்டல் ஓய்ந்தது. ஜனம் காத்திருந்தது. சேதுபதி தொண்டையைக் கனைத்தான், “வீரம்மாள் வந்து... எனக்குக் கூடப்பிறந்த...” என்று இழுத்தான். பின்வரிசையில் ஒருத்தன் பக்கென்று சிரித்தான். அப்புறம் வரிசையே சிரித்தது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை அது. மணிகண்டன் எழுந்து நின்றான்.

“நான் சொல்றேன் அர்பாப்,” என்று இந்தியில் ஆரம்பித்தான். “மாயாண்டி அண்ணன் சம்சாரம். பிரசவத்துல செத்துப் போச்சு. அண்ணன் பாஸ்போர்ட் இவர் டிராயர்ல இருந்துச்சு. குடுக்கல. கான்கிரீட் முடியட்டும்னாரு.”

கஃபீலின் முகம் மாறியது. “சச் ஹை?” என்றார், உண்மையா என்று.

“அது பழைய விஷயம் அர்பாப்...”

“சச் ஹை?”

பின்வரிசை முழுக்க எழுந்து நின்றது. அந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். சேதுபதி அவர்களைப் பார்த்தான், கஃபீலைப் பார்த்தான்.

“ஹாங்,” என்றான், ஆமாம் என்று. மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததால் அது வாசலில் நின்ற டிரைவர்கள் வரைக்கும் கேட்டது.

பணத்தை மறுநாளே கட்டினான், கஃபீல் கட்ட வைத்தார். டிராயரையும் திறக்க வைத்தார். அத்தனை நாள் அந்த டிராயர் இருந்தது கஃபீலுக்குத் தெரியாதா என்று கேம்ப்பில் பேசிக்கொண்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனாலும் பாஸ்போர்ட் அவரவர் கைக்கு வந்துவிட்டது. மணிகண்டன் அந்த வாரமே லீவு எழுதிக் கொடுத்தான்.

விழா அன்றைக்கே, நாற்காலி மடக்கும்போது செய்கு முகம்மது பாய் மாயாண்டியின் பக்கத்தில் வந்து நின்றார். 

“இப்பவாச்சும் மனசு ஆறுச்சா தம்பி?”

மாயாண்டி அழுதுகொண்டிருந்தான். கைலி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“இல்லே பாய். அடுத்த பொங்கலுக்கும் ஏலத்துக்கு என்னையவே கூப்பிடுங்க. மொதலாளியையும் முன்வரிசையில உக்கார வைங்க.”