பதினோரு படி, முன்வாசல் வழியாக

ஆவணி இரண்டாவது சனிக்கிழமை மதுரையிலிருந்து இராஜபாளையத்துக்குக் கிளம்பினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் அங்கே இருக்கும் என் கல்லூரித் தோழி எஸ்தரைப் பார்க்க இரண்டு வருடமாக நான் போகவில்லை. அவள் கணவர் தனராஜ் பைக்கிலிருந்து விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனதும் இரண்டு வருடத்துக்கு முன்புதான். வாரம் ஒரு முறை வாட்ஸப்பில் "ஜெபத்தில் தாங்குகிறேன்" என்று எழுதி, கை கூப்பும் படம் ஒன்றையும் போட்டுவிடுவேன். இந்த வாக்கியம் எங்கள் கிறிஸ்தவர்களுக்கு எவ்வளவு கைவந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் எஸ்தர் பதில் எழுதினாள். "ஜெபத்துல தாங்க எம்புட்டோ பேரு இருக்காவ. படியில தாங்கத்தான் ஆளில்ல. வாரியா, இல்லையா?"

அவள் சொன்னது அவர்கள் போகும் கிறிஸ்தவ ஆலயத்தின் வாசற்படியை. பதினோரு கல்படி, நல்ல செங்குத்து. தனராஜ் இருபது வருடம் அங்கே பாடகர் குழுவில் பாடியவர். விபத்துக்குப் பிறகு ஒரு நாளும் உள்ளே போகவில்லை. சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் போட்டுத் தாருங்கள் என்று எஸ்தர் மூன்று முறை கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். ஆலயத்தின் முகப்பு கெட்டுவிடும் என்றார்கள். போதகர் வீட்டுக்கே வந்து திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுப்பார் என்றார்கள். ஜெபத்தில் தாங்குகிறோம் என்றும் சொன்னார்கள்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்தச் சபை என்றும் எழுதப்போவதில்லை. படிகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றவில்லை.

இனி பயணம். செங்கோட்டை போகும் பாசஞ்சர் மதுரையில் காலை 7.10க்குப் புறப்பட்டது. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். இடது பக்க ஜன்னலைவிட வலது பக்கம் நல்லது; ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது மலை கூடவே வரும். 8.55க்கு இராஜபாளையத்தில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

எஸ்தர் பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர். அன்றைக்கு மதியம் வரை லீவு போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "காப்பி குடி. செத்த நேரத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் போணும்" என்றாள். உள்ளறையில் சக்கர நாற்காலியில் இருந்த தனராஜ் என்னைப் பார்த்து, "ஊர்வலத்துக்கு ஆள் சேக்கா. நீங்களும் மாட்டிக்கிட்டீயளா?" என்று கேட்டார். இரண்டு வருடம் வராததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தேரடி பக்கம் டீக்கடையில் சீனிவாசன் காத்திருந்தார். நாற்பது வயதுக்காரர், நெற்றியில் திருமண். எஸ்தரின் யூனிட்டுக்குத் துணி பேல் ஏற்றி இறக்கும் லோடு ஆட்டோ அவருடையது. விழா நாட்களில் அவர் சீர்பாதம் தாங்கி, அதாவது சாமி பல்லக்கைத் தோளில் சுமப்பவர். அவர் அப்பாவுக்கும் அதே வேலைதானாம். ஆடிப்பூரம் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. வலது தோளில் காய்ப்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தனராஜை நாற்காலியோடு படியேற்ற வேண்டும் என்று எஸ்தர் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆளு எம்புட்டு எடை?"

"எழுவத்தி நாலு."

"படி ஒசரம் அளந்தீயளா?"

"முக்கா அடி" என்றாள் எஸ்தர். அவள் நாடாவோடு போய் அளந்திருக்கிறாள்.

சீனிவாசன் டீ கிளாசைச் சாய்த்துக் காட்டி விளக்கினார். "பலம் கெடக்கட்டும். படி ஏறையில முன்னால பிடிக்கிறவிய கைய இடுப்புக்குக் கீழ விடணும். பின்னால பிடிக்கிறவிய தோளுக்கு ஏத்தணும். உள்ள இருக்கிறவிய சாயக்கூடாது. அம்புட்டுதான்."

சர்ச்சுக்கு வருவதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையா என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நான் சர்ச்சுக்கு வரலம்மா. தனராஜ் அண்ணனத் தூக்க வாரேன்" என்றார்.

பஸ்ஸுக்கு முன் நேரம் இருந்தது. கோயில் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தோம். உள்ளே போக நினைப்பவர்கள் காலையிலேயே போங்கள்; மதியம் நடை சாத்திவிடுவார்கள். பால்கோவா கால் கிலோ தொண்ணூறு ரூபாய், இலையில் கட்டித் தந்தார்கள்.

அன்று மூன்றரை மணிக்கு யூனிட்டில் ஒத்திகை. லோடு ஏற்றும் மேடைக்கு ஐந்து படி உண்டு. கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கழியை வைத்து, பேண்டேஜ் துணியை முறுக்கி இறுக்கிக் கட்டினார் சீனிவாசன். தனராஜுக்குப் பதில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை மூன்று. பின்னால் சீனிவாசனும், யூனிட்டில் பேல் தூக்கும் முத்துமாரியும். முன்னால் எஸ்தரும் நானும். முதல் தடவை மூன்றாம் படியில் நான் கையை உயர்த்திவிட்டேன். மேல் மூட்டை உருண்டு கீழே விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த தனராஜ், "அது நானா இருந்தா இந்நேரம் பல்லு போயிருக்கும்" என்றார். ஆறாவது தடவைதான் மூட்டை அசையாமல் ஏறியது. வங்கியில் பேனா பிடிக்கிற என் உள்ளங்கை இரண்டு இடத்தில் கொப்பளித்துவிட்டது.

ஞாயிறு காலை இட்லி சாப்பிடும்போது, "இது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா, எல்லாரும் பார்ப்பாங்களே?" என்று தனராஜிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நீங்க பாரமே இல்லன்னு வாரவிய எல்லாம் சொல்லுதாவ. எழுவத்தி நாலு கிலோ பாரம் இல்லாம என்ன? பாரந்தான். அதுல வெக்கம் எதுக்கு? தூக்காம நிக்கிறவியளுக்குத்தான் வெக்கம்."

எட்டரை மணி ஆராதனைக்கு 8.10க்கே படியடியில் இருந்தோம். தனராஜ் வெள்ளைச் சட்டையில் மர நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். கழியைத் தூக்கப் போகும்போது கமிட்டிச் செயலாளர் வேகமாக இறங்கி வந்தார்.

"சொல்லியிருந்தா பின்வாசல் திறந்து வச்சிருப்போமே. அங்க ரெண்டு படிதான். இது என்ன, எல்லாரும் பாக்க?"

பின்வாசல் என்பது பந்தல் சாமானும் உடைந்த பெஞ்சுகளும் கிடக்கும் அறை வழியாகப் போவது. தனராஜ் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "கல்யாணத்துக்கு இந்த வாசல்லதான் ஏறினேன். நாளைக்குப் பெட்டியில வச்சுக் கொண்டாரப்பவும் இந்த வாசல்லதான் ஏத்துவீய. அன்னைக்குத் தூக்க ஆறு பேரு கூப்பிடாமலே வருவாவ. நடுவுல மட்டும் எனக்கு எதுக்கு பின்வாசல்?"

செயலாளர் அவரை விட்டுவிட்டுச் சீனிவாசனின் நெற்றியைப் பார்த்தார். "நீங்க நம்ம சபை இல்லையே."

"இல்ல சார். நீங்க பிடிச்சீயன்னா நான் விட்டுருதேன்" என்று சீனிவாசன் கழியின் முனையை நீட்டினார். நக்கல் இல்லை. உண்மையாகவே நீட்டினார். செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தூக்கினோம். ஒன்று, இரண்டு என்று எஸ்தர் எண்ணினாள். ஐந்தாம் படி வரை கால் சேர்ந்து வந்தது. ஏழாம் படியில் என் மணிக்கட்டு மடங்க ஆரம்பித்தது. கொப்பளம் உடைந்து கழி வழுக்கியது. நாற்காலி என் பக்கம் சாய, தனராஜின் கை என் தோளைப் பற்றியது. "முடியல" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்வதைத்தான் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"யாரும் எறக்காதீய. அப்படியே நில்லுங்க" என்றார் சீனிவாசன் பின்னாலிருந்து. அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

மேலே வாசலில் பாடகர் குழு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தார். பட்டுச்சேலை, மூக்குக்கண்ணாடி. செயலாளரின் மனைவி. கைப்பையையும் பாட்டுப் புத்தகத்தையும் கணவர் கையில் வைத்து, "இதப் பிடிங்க" என்றார். பிறகு என் கைக்கு அடுத்து கழியைப் பற்றினார். "கைய மேல தூக்கணுமா, கீழ விடணுமா?" என்று கேட்டார். "கீழ" என்றேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.

முதல் பாட்டு தொடங்கியபோது தனராஜ் குழுவோடு, தன் பழைய இடத்தில் இருந்தார். அவர் அடிக்குரல் இரண்டு வருடத்தில் கரகரத்துவிட்டது. இரண்டாம் சரணத்தில் அடைத்து நின்றது. மூன்றாவதில் திரும்ப வந்தது. எஸ்தர் பாடவில்லை. வெந்நீர் பட்ட மாதிரி சிவந்த உள்ளங்கைகளை மடியில் விரித்துவைத்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனிவாசனுக்கு யாரோ மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். ஆனால் இறங்கும்போது எட்டுப் பேர் இருந்தோம். செயலாளர் அதில் இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. சாய்தளம் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்கிறார்கள். பேசட்டும். தனராஜ் ஐந்து ஞாயிறும் முன்வாசல் வழியாகத்தான் ஏறியிருக்கிறார். நான் அதில் மூன்று முறை போனேன். சபைக் காரியத்தை வெளியே எழுதலாமா என்று ஒருவர் போனில் கேட்டார். படி வெளியேதான் இருக்கிறது என்றேன். அன்பு செய்யச் சொல்லிக் கொடுத்த இடத்தில் அன்பைக் கேட்டு வாங்குவது கலகம் என்றால், இது கலகம்தான். நிறுத்துவதாக இல்லை. நானும் இப்போது யாருக்கும் வாட்ஸப்பில் தாங்குகிறேன் என்று எழுதுவதில்லை. ஜெபிக்கிறேன், பிறகு, என்றைக்கு வரட்டும் என்று கேட்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இந்தப் பக்கம் வருவதென்றால் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர், ஞாயிறு இராஜபாளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்ட் அருகே லாட்ஜ் அறுநூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். எனக்கு எழுதினால் ஆலயம் இருக்கும் இடம் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குப் படியடியில் இருங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், செருப்பில்லாமல் ஏறுங்கள், முன்னால் பிடித்தால் கையைக் கீழே விடுங்கள். எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தனராஜின் எடையைச் சொல்லுங்கள்.

எந்த மாதம் நல்லது என்று வழக்கமாகக் கேட்பீர்கள். வெயில் தணிந்த தை, மாசிதான் இந்த ஊர்களுக்கு நல்ல பருவம். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்து கல்படி வழுக்கும், ஆளும் குறையும். அப்போது வாருங்கள்.