அப்படி யாரும் இங்கே இல்லை

அலுவலகத்தில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அதுதான். வெளிநாட்டிலிருந்து யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு கம்பெனியின் பெயரையோ, அதன் இயக்குநரின் பெயரையோ சொல்லி விசாரித்தால், "மன்னிக்கணும், அப்படி யாரும் இங்கே இல்லை" என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். அந்தக் கம்பெனியின் பித்தளைப் பலகை என் முதுகுக்குப் பின்னால் சுவரில்தான் தொங்கும். அந்த இயக்குநர் பல சமயம் நானேதான்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அப்போது வந்தது.

எழுபதுகளின் கடைசி. சிங்கப்பூர் ஆற்றில் இன்னும் தொங்கான் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்ற காலம். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ஆற்று நாற்றம் குடலைப் புரட்டும். முதலாளி யாழ்ப்பாண வழி வந்த கணக்காளர். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே தட்டச்சுக்கும் தொலைபேசிக்கும் நான், கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சீனத்து அங்கிள். அவ்வளவுதான் கூட்டம். சுவரில் தொங்கிய கம்பெனிகளுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

தொழில் இதுதான். வெளிநாட்டுப் பணக்காரர்களுக்காகப் பசிபிக் கடலில் எங்கோ ஒரு தீவில் கம்பெனி பதிந்து கொடுப்போம். அந்தத் தீவில் வரி கிடையாது. ஆனால் பதிந்துவிட்டால் மட்டும் ஆயிற்றா? "கம்பெனி தீவில் இருந்தால் என்ன, முடிவெடுக்கிறவன் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறான், கட்டு வரியை" என்று அவரவர் நாட்டு வரிக்காரர்கள் வந்து நிற்பார்கள். ஆகவே முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்பட்டாக வேண்டும். அந்த வேறெங்கோ, எங்கள் அலுவலகத்தின் பின்னறை. இயக்குநர்கள் என்ற பெயரில் சார், நான், அங்கிள் மூவரும் மேசையைச் சுற்றி உட்காருவோம். என்ன முடிவு என்று வாடிக்கையாளரிடமிருந்து டெலக்ஸ் தந்தியில் முன்னாடியே வந்திருக்கும். சார் அதை வாசிப்பார், நாங்கள் கை தூக்குவோம். பிறகு கறிபாப் பலகாரமும் கோப்பியும் வரும்.

சும்மா நடந்ததாக எழுதிவிட்டுப் போனால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். சாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கூட்டம் நடந்தது எண்டு சொன்னால் நடந்திருக்க வேணும், பிள்ளை. நாங்கள் பொய் சொல்லுற ஆக்கள் இல்லை."

நல்ல மனிதர். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்கு வினையாக முடிந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் கூட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து மூலையில் உட்கார்ந்தார். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சொந்தக் கணக்காளர். எந்த நாட்டுக்காரர் என்று எழுதப் போவதில்லை. இந்த வயதிலும் கை தயங்குகிறது, போங்கள். அவர் முன்னால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டுமென்று சார் அன்றைக்குத் தொண்டையைச் செருமி, வழக்கத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்: "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?"

நான் வளர்ந்தது பங்குக் கோயில் மாதர் சங்கத்தில். அங்கே தலைவியம்மா இந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் வாய் திறக்காவிட்டால், 'யாருக்கும் அக்கறையே இல்ல' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் யாராவது ஒருத்தி எதையாவது கேட்டு வைப்போம். பூவுக்கு யார் சொல்வது, பாயசத்துக்கு யார் பால் கொண்டுவருவது, இப்படி ஏதாவது. அந்தப் பழக்கத்தில் கை தானாக மேலே போனது.

"சார், நம்ம கம்பெனி என்ன செய்யுது?"

அங்கிளுக்குப் புரையேறிவிட்டது. சார் சிரித்து மழுப்பினார். வெள்ளைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாரிடம் என் பெயரைக் கேட்டார். எனக்கோ ஒரே பெருமை. அன்று சாயங்காலம் தேக்கா கடைத்தெருவில் இறங்கி, பெரிய மனுஷி மாதிரி அப்பம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஈசூனில் இருந்த வீட்டுக்குப் போனேன். மடச்சி!

அடுத்த ஆண்டு அந்த வாடிக்கையாளரின் சொந்தக் கம்பெனி அவர்களுடைய நாட்டில் கவிழ்ந்தது. ஓய்வுபெற்ற ஏழைபாழைகள் போட்டு வைத்ததெல்லாம் அதற்குள்ளே போய், அதற்குள்ளிருந்து தீவில் நாங்கள் பதிந்த கம்பெனிக்குப் போய், தீவிலிருந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. வெள்ளைக்காரர் பிடிபட்டார். தன் தலை தப்ப வேண்டுமே, விசாரணையில் சொன்னாராம்: "சிங்கப்பூரில் ஒரு பெண் இயக்குநர் இருக்கிறாள். கூட்டத்தில் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு எல்லாம் தெரியும்."

அதன் பிறகு அந்த நாட்டு விசாரணை அதிகாரிகள் தொலைபேசியில் என் பெயரைச் சொல்லியே கேட்க ஆரம்பித்தார்கள். நானே எடுப்பேன், நானே சொல்வேன், அப்படி யாரும் இங்கே இல்லை என்று. எப்போதும் ஒரே ஆள், ஒரே பணிவான குரல். ஒருநாள் அவர் வைக்கவில்லை. "உங்களுக்கு எங்கள் நாட்டில் ஓர் அக்கா இருக்கிறார் அல்லவா?" என்றார்.

இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிப் பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, நான் வேலைக்குப் போன பிறகுதான் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு நர்ஸ் வேலைக்கு அந்த நாட்டுக்குப் போனவள். எனக்கு அவளை விட்டால் யாருமில்லை, அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை.

சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நிலைமையை எடுத்துச் சொன்னார். தீவின் ரகசியச் சட்டப்படி நான் வாயைத் திறந்தால் ஜெயில். அந்த நாட்டின் சட்டப்படி நான் வாயைத் திறக்காவிட்டால் ஜெயில். இங்கே இருக்கிற வரையில் யாரும் என்னைத் தொட முடியாது.

"இஞ்ச இருக்கும் வரைக்கும் நீங்கள் பத்திரம், பிள்ளை. அங்க மட்டும் போயிடாதேங்கோ."

"அப்ப இந்தப் பதவிய விட்டுடறேன் சார்."

"உங்கட இடத்துக்கு இன்னொராள் வந்து இருந்தால்தான் விடலாம். ஆரையும் கூட்டிக்கொண்டு வருவியளோ?"

யாரைக் கூட்டி வருவது? எவள் தலையில் இதைக் கட்டுவது? எழுந்து வந்தேன். அந்த வாரம்தான் சிங்கப்பூர் அமைச்சரும் அந்த நாட்டு அமைச்சரும் விருந்தில் கைகுலுக்கி, பணப் போக்குவரத்தைக் கண்காணிப்பதில் ஒத்துழைப்போம் என்று பேசியதாக வானொலியில் செய்தி வந்தது. அவர்களுக்கென்ன, மகராசர்கள்.

அக்காவுக்கு இதயத்தில் கோளாறு, அறுவை செய்ய வேண்டும் என்று தகவல் வந்தது அதற்குப் பிறகு. அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் மூச்சு இல்லை.

"ஏய், பயப்படாதே லா. டாக்டருங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கதான். உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டாப் போதும். வந்துடுவல்ல?"

"வந்துடறேன்க்கா" என்றேன். வேறென்ன சொல்வேன்? எந்தச் சட்டத்தை அவளுக்கு விளக்குவேன்? கம்பெனியைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குக்கூட எனக்கு அனுமதியில்லை.

அறுவைக்கு முந்தின நாள் காலையில் அங்கே போய் இறங்கினேன். புறப்படும்போது சாங்கி விமான நிலையத்தில் யாரும் தடுக்கவில்லை. இறங்கிய இடத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த பெண் சிரித்த முகமாகவே, "கொஞ்சம் இப்படி வாருங்கள்" என்றாள். ஜன்னல் இல்லாத அறை. தொலைபேசியில் கேட்ட பணிவான குரல், இப்போது கோட்டு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"உங்கள் கம்பெனி என்ன செய்தது?"

அட கடவுளே! நான் கேட்ட அதே கேள்வி. "எனக்குத் தெரியாது, நானும் அதைத்தான் கேட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு, மறுபடியும் அதையே கேட்டார். அழுதேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன். "ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், கூடவே ஆளை அனுப்புங்கள்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "பதில் சொன்னதும் போகலாம்" என்றார். என்னிடம் இருந்தால் அல்லவா சொல்ல? பயத்தில் ஏதாவது கதை கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கட்டுவதற்கும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே. அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரைக்கும், எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று அதையே சொன்னேன். கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது போலும். கடவுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வார்டில் அக்காவின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அவளோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி என் முகத்தைப் பார்த்ததுமே யாரென்று கண்டுகொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அறுவை மேசையிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்றாள்.

"நேற்றிலிருந்து உங்களையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். விமானம் தாமதமோ என்று நான் விமான நிலையத்துக்குப் பேசினேன். உங்கள் பெயரைச் சொன்னேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன்."

அதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா உள்ளே போயிருக்கிறாள்.