ஒரு வாய் பரோலோ

ஓட்டலில் அவருக்குப் பால்காரர் என்று பட்டப்பெயர். யார் பார்ட்டி கொடுத்தாலும் ஒரு சொட்டுகூடத் தொடாத வெயிட்டர் அவர் ஒருத்தர்தான். காரணம் அக்கா. அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாறு. லாண்டரியில் இஸ்திரி போட்டுத் தம்பியை ஆளாக்கினாள். கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அவர் வேலைக்குப் போன நாளிலிருந்து வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பாள். முதலில் பயத்தில் கேட்டது, போகப் போக விளையாட்டாகிவிட்டது. நாற்பத்தைந்து வயதிலும் குனிந்து ஊதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

ஓட்டலுக்கு இத்தாலிய ஒயின்கள் வந்து இறங்கின. பரிமாற மேனேஜர் அவரைத்தான் பிடித்தார். கை நடுங்காத ஆள்; ஆனால் ருசி தெரியாமல் விருந்தாளியிடம் என்னத்தைச் சொல்வது? விழுங்க வேண்டாம், வாயில் வைத்துத் துப்பினால் போதும் என்றார். பால்காரர் இரண்டு நாள் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூடம் காலியானதும், பரோலோ என்ற சிவப்பு ஒயினை ஊற்றினார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்து வெளியே வரும் ஒயின், நீங்களும் அவசரப்படாதீர்கள் என்றார் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள்.

சிவப்பு என்று பேர், நிறம் என்னவோ வெளுப்புதான். மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த ரோஜா, அதற்கடியில் புதிதாக ரோடு போடும் தார். வாயில் வைத்ததும் பழுக்காத பழத்தைக் கடித்தாற்போல ஈறெல்லாம் இறுகியது. பிறகு மெல்ல மெல்ல இளகியது. துப்பினார். துப்பிய பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. அப்பா எதையும் இப்படி ருசித்திருக்கமாட்டார், மடக்கு மடக்கென்று உள்ளே தள்ளியதோடு சரி என்று தோன்றியது. முப்பத்தெட்டு வருஷமாக வெறுத்த மனிதர்மேல் முதல் தடவையாகப் பரிதாபம் வந்தது. அதை அக்காவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டுப் போயிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. சாயங்காலம் வாசலில் குனிந்து ஊதினார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"துப்பிட்டேன்க்கா. வேலைக்காக ஒரு வாய்தான்."

"அப்பாவும் முதல்ல ஒரு வாய்னுதான் சொன்னாரு."

அப்பாவைப் பற்றித் தோன்றியதை அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அக்கா துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்மேல கோவம் இல்லடா. நீ குடிக்க மாட்டேன்னு தெரியும். ஆனா அந்த வாசம் வந்தாலே என் காலு அந்தக் காலம் மாதிரி அவரைத் தேடிச் சாராயக்கடைக்கு ஓடப் பாக்குது. இனிமே என்னால ஓட முடியாது."

மறுநாளே மேனேஜரிடம் சொல்லி, ஒயின் பரிமாறுவதை விட்டுப் பழைய இடத்துக்கு மாறிக்கொண்டார். அக்காவுக்கு அது போதவில்லை. வேலைக்குப் பக்கம் என்று காரணம் சொல்லி, லாண்டரித் தோழி ஒருத்தியின் வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்.

லீவு நாளில் போய்ப் பார்ப்பார். சாப்பாடு போடுவாள், அவர் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். அப்பாவைத் தெரிந்தவர்கள் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். அந்தப் பேச்சு மட்டும் வராமல் பார்த்துக்கொண்டு, கை கழுவிவிட்டு பஸ் ஏறுவார்.