முதுகு காட்டிய ஓர் அட்டை

எனக்கு வயது எண்பத்திரண்டு. பெற்றது நான்கு; ஓரகத்தியின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார்கள். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் முன்னால் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் நான்தான்.

அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில் ஓசூரில் ஒரு பேராசிரியர் வீட்டில் சமையல் செய்தேன். பெங்களூரில் இன்ஜினியரிங் பாடம் நடத்துகிறவர். தினமும் பஸ்ஸில் போய் வருவார். கணக்குப் போடும் கம்ப்யூட்டரைப் படம் போட வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பித்து. ஓட்டை போட்ட அட்டைகள் வழியாகத்தான் அதற்குச் சொல்ல வேண்டும். முந்நூறு அட்டைகளை வரிசையாகக் கொடுத்தால் ஒரு மயில் வரும். அந்தக் கம்ப்யூட்டரில் அவருக்கு மாதத்தில் ஒரு நாள்தான் முறை.

அன்று அவர் முறை; வரும் மயிலை ஒரு கண்காட்சிக்குக் கொடுப்பதாக இருந்தார். மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு கேரியரோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். "பேக பன்னி சார்!" என்று கண்டக்டர் கன்னடத்தில் அவசரப்படுத்த, படியில் கால் வைத்தவர் என் குரல் கேட்டுத் திரும்பினார். கையிலிருந்த பெட்டி நழுவி, முந்நூறு அட்டையும் தரையில் சிதறியது. பஸ் போய்விட்டது.

"போச்சும்மா. வரிசை மாறுனா மயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடுத்த முறை வர்றதுக்குள்ள கண்காட்சி முடிஞ்சிரும்."

"பக்கத்துல சிவப்பா கோடு போட்டீங்களே, அது எதுக்குங்க?"

அட்டைகளை அடுக்கியதும் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாகச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். கலைந்தால் சேர்ப்பதற்குத்தான்.

"அதுக்குத்தான். ஆனா முந்நூறையும் எப்ப சேர்க்கறது? அடுத்த பஸ் அரை மணியில வந்துருமே!"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வோர் அட்டையிலும் சிவப்பாக ஒரு புள்ளி. புடவைக் கொசுவத்தில் கரை படிப்படியாக நிற்குமே, அப்படிப் புள்ளி தள்ளித் தள்ளி வரும்படி அடுக்கினேன். பஸ் வந்தபோது கோடு நேராக நின்றது.

மறுநாள் கம்ப்யூட்டர் அச்சடித்த பெரிய காகிதத்தைச் சுவரில் மாட்டினார். கிட்டே போனால் வெறும் நட்சத்திரப் புள்ளிகள்; தள்ளி நின்றால் மயில். ஒரே ஓர் இறகு மட்டும் அலகைக் குத்துவது போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"சண்டைக்குப் போற மயிலா?" என்றார் அவர் மனைவி.

"நீ அடுக்கினதுல தப்பும்மா" என்றார் அவர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அட்டைக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நட்டநடு அட்டை முதுகு காட்டிக்கொண்டிருந்தது. அதில் புள்ளியும் நட்டநடுவில். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் கோடு கலையாது.

"ஒண்ணு தப்புதானுங்க. மீதி இருநூத்தித் தொண்ணூத்தொம்போதும் சரியா வெச்சது யாரு?"

மனைவி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு வழியில்லை, கண்காட்சிக்கு அந்த மயில்தான் போனது. அடுத்த மாதம் சரியான மயில் வந்ததும் பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மூக்கண்டப்பள்ளி வீட்டில் இன்றும் மாட்டியிருக்கிறது.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல எழுதுனியே, இத முதல்ல இருந்து சத்தமாப் படி. எங்கயாச்சும் ஒரு வரி முதுகு காட்டுதான்னு பாக்கணும்.